மூன்று ஜிபிக்கு மேலே புறம்போக்கு

ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு 4 ஜிபி ரேம் ஒதுக்கினால், உள்ளே ஓடும் கெர்னலின் கண்ணுக்கு அது ஒரே பட்டையாகத் தெரியாது. க்யூஎமுவின் பழைய 'பிசி' மெஷினில் முதல் 3 ஜிபி அடியிலிருந்து தொடங்கும். அதற்கு மேல் ஒரு ஜிபி அகலத்துக்குப் பள்ளம். மிச்சமுள்ள ஒரு ஜிபி ரேம் பள்ளத்தைத் தாண்டிப்போய், 4-க்கும் 5-க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். 'க்யூ35' மெஷினில் பள்ளம் இன்னும் பெரிது. 2 ஜிபி கீழே, 2 ஜிபி மேலே, நடுவில் 2 ஜிபி அகலத்துக்கு ரேமே கிடையாது.

பூட் ஆகும்போது சத்தமில்லாமல் செத்துப்போகிற விஎம்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்தப் பள்ளத்தில் விழுந்தவைதான். அவற்றை எப்படித் தேடிப் பிடிப்பது என்று ஒரு பதிவு போடச் சொல்லி அலுவலகப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கொஞ்சம் நீளும். ஹெக்ஸ் எண்களைக் கண்டால் அலர்ஜி என்பவர்களுக்காக, முடிந்த இடத்தில் எல்லாம் எம்பி, ஜிபி என்றே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பள்ளம் ஏன் இருக்கிறது? விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் 4 ஜிபி ரேம் வாங்கிப் போட்டுவிட்டு, திரையில் 3.25 ஜிபி என்று காட்டுகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் இதைப் படிப்பவர்களில் இருக்கலாம். கடைக்காரர் மேல் தப்பில்லை. ரேமுக்கு ஒரு முகவரி வெளி, சாதனங்களுக்கு வேறொன்று என்று பிசியில் கிடையாது (ஐஓ போர்ட்டுகளை விட்டுவிடுங்கள்). கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு எல்லாம் அதே வெளியில்தான் இடம் பிடித்தாகவேண்டும். பழைய கார்டுகளுக்கு 32 பிட் முகவரிதான் எட்டும் என்பதால் அந்த இடம் 4 ஜிபிக்குக் கீழேயே இருக்கவேண்டும். ஐஓ ஏபிக் 4 ஜிபிக்கு 20 எம்பி கீழே. ஹெச்பெட் டைமர் 19 எம்பி கீழே. ப்ராசஸரின் லோக்கல் ஏபிக் 18 எம்பி கீழே. எல்லாவற்றுக்கும் உச்சியில் பயாஸ் ரோம். 1985-இல் வந்த 386-லிருந்து இன்றுவரை, ரீசெட் ஆன ப்ராசஸர் முதல் கட்டளையை எடுப்பது 4 ஜிபிக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ள முகவரியிலிருந்து. அங்கே பயாஸ் இல்லையென்றால் மெஷின் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஆகவே அந்த இடத்தை ரேமுக்குக் கொடுக்கமுடியாது.

உண்மையான பிசியில் இந்த ஏற்பாட்டைச் சிப்செட்டும் பயாஸும் பார்த்துக்கொள்கின்றன. விஎம்மில் ஹைப்பர்வைசர் அதை நடித்துக் காட்டவேண்டும். நடிப்பில்தான் கோளாறு வரும்.

நம்மூர் நில ஆவணங்களை வைத்து யோசித்தால் இது சட்டென்று பிடிபடும். தரையில் இருக்கிற வயல் ஒன்று, பட்டாவில் எழுதியிருப்பது இன்னொன்று. பயிர் வைக்கிறவர் பட்டாவை நம்பி உழுகிறார். ஹைப்பர்வைசர் உண்மையிலேயே போட்டுவைத்த ரேம்தான் தரை. ஃபர்ம்வேர் கொடுக்கும் மெமரி மேப் பட்டா. உழுகிறவர் கெர்னல். சாதனங்கள் குடியிருக்கும் பள்ளம் புறம்போக்கு. பட்டாவில் புறம்போக்கையும் சேர்த்து எழுதிவிட்டால் கெர்னல் ஊர்க்குளத்தில் இறங்கி நாற்று நடும். அதன்மேல் குற்றம் சொல்லமுடியாது.

இந்தப் பட்டாவுக்கு இ820 என்று பெயர். காரணம் ஒன்றும் பெரிதில்லை. பயாஸின் 15-ஆம் இன்டரப்ட்டை (ஹெக்ஸ் கணக்கில் 15) கூப்பிடும்போது ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் போடவேண்டிய எண் அது. அதற்கு முன்பு 88 என்ற எண்ணுடன் கூப்பிடுவார்கள். 1 எம்பிக்கு மேலே எத்தனை கேபி இருக்கிறது என்று 16 பிட்டில் ஒரே ஒரு எண் வரும். 16 பிட்டில் 64 எம்பிக்கு மேல் சொல்லவே முடியாது. நடுவில் எங்கே பள்ளம், எங்கே ஏசிபிஐ அட்டவணை என்பதற்கெல்லாம் அதில் இடமே இல்லை. இ820 ஒவ்வொரு துண்டாகச் சொல்லும்: தொடக்க முகவரிக்கு 8 பைட், நீளத்துக்கு 8 பைட், வகைக்கு 4 பைட், ஆக 20. ஏசிபிஐ 3.0 இன்னொரு 4 பைட்டைச் சேர்த்து 24 ஆக்கியது. வகை 1 என்றால் ரேம், தாராளமாகப் பயன்படுத்து. 2 என்றால் தொடாதே. 3 என்றால் ஏசிபிஐ அட்டவணை, படித்து முடித்த பிறகு எடுத்துக்கொள். 4 என்றால் ஏசிபிஐக்கே சொந்தம், எப்போதும் கை வைக்காதே. 5 என்றால் பழுதான மெமரி.

நீளம் என்ற அந்த இரண்டாவது எண்ணில் வழுக்கியவர்கள் ஏராளம். லினக்ஸ் தன் லாக்கில் அச்சிடும்போது தொடக்கம், முடிவு என்று காட்டும். அதையே பார்த்துப் பழகியவர்கள் சொந்தமாக அட்டவணை எழுதும்போது நீளத்தின் இடத்தில் முடிவைப் போட்டுவிடுவார்கள். 1 எம்பியில் தொடங்கும் துண்டு, இல்லாத ஒரு எம்பியையும் சேர்த்துக்கொண்டு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

க்யூஎமுவில் 2 ஜிபி கொடுத்து, சீபயாஸுடன் ஒரு 'பிசி' விஎம்மைக் கிளப்பி, டிமெசேஜின் முதல் சில வரிகளைப் பாருங்கள். 0-விலிருந்து 639 கேபி வரை ரேம். அடுத்த 1 கேபி பயாஸ் தனக்கென்று எடுத்துக்கொண்டது. 960 கேபியிலிருந்து 1 எம்பி வரை 64 கேபி மறுபடி பயாஸ். 1 எம்பியிலிருந்து 2 ஜிபிக்குக் கொஞ்சம் முன்புவரை ரேம். கடைசி 128 கேபி ரிசர்வ்டு, ஏசிபிஐ அட்டவணைகள் அங்கே இருக்கும். பிறகு நீண்ட மௌனம். 4 ஜிபிக்கு 16 எம்பி கீழே, தனியாக ஒரு 16 கேபித் துண்டு. உச்சியில் 256 கேபி பயாஸ்.

அந்த 16 கேபித் துண்டு எனக்கு மிகவும் பிடிக்கும். அது எந்தச் சாதனமும் இல்லை. பழைய இன்டெல் ப்ராசஸர்களில் விர்ச்சுவலைசேஷன் பயன்முறைக்குள் போனபிறகு 16 பிட் ரியல் மோடு நேரடியாக ஓடாது. அதற்காகக் கேவிஎம் ஒரு தந்திரம் செய்கிறது. அதற்கு விருந்தினரின், அதாவது விஎம்மின், முகவரி வெளியிலேயே நாலு பக்கம் வேண்டும், பக்கத்துக்கு 4 கேபி. ஒன்று பக்க அட்டவணைக்கு, மூன்று டிஎஸ்எஸ் என்ற அமைப்புக்கு. கெர்னல் அங்கே கை வைத்துவிடக் கூடாதே என்று க்யூஎமு அதைப் பட்டாவில் ரிசர்வ்டு என்று எழுதிக் கொடுக்கிறது. சொந்தமாக ஹைப்பர்வைசர் எழுதுகிறவர்கள் மறந்துபோகும் முதல் துண்டு இதுதான்.

க்யூஎமு இந்த விவரங்களைச் சீபயாஸிடம் எப்படிச் சொல்கிறது? முன்பு சிமாஸ் ரெஜிஸ்டர்கள் வழியாக. 34, 35 என்ற இரண்டு ஹெக்ஸ் பைட்டுகளில், 16 எம்பிக்கு மேலே எத்தனை 64 கேபித் துண்டு இருக்கிறது என்ற கணக்கு. இப்போது எஃப்டபிள்யூ-கான்ஃபிக் என்ற சின்னச் சாதனம். ஹெக்ஸ் 510-ஆம் போர்ட்டில் எதைப் படிக்கவேண்டும் என்று எழுதி, 511-இல் படித்தால் வரும். அதற்குள் இ820 என்ற பெயரிலேயே ஒரு கோப்பு. சீபயாஸ் அதை எடுத்து, தன் பங்குக்குச் சில துண்டுகளைச் சேர்த்து, கெர்னல் கேட்கும்போது கொடுக்கிறது. ஆக ஒரே விஷயம் மூன்று கை மாறுகிறது.

இனி ஒரு கேஸ்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம்) சோதனைக்கென்று சொந்தமாக ஒரு குட்டி விஎம் மேலாளர் இருந்தது. கேவிஎம் மேல் ஓடும். பயாஸ் கிடையாது, லினக்ஸ் கெர்னலை நேரே 1 எம்பி முகவரியில் ஏற்றி, ஜீரோ பேஜ் என்ற பக்கத்தில் இ820 அட்டவணையைத் தானே நிரப்பி, குதித்துவிடும். தரையைப் போடுகிறவரும் பட்டா எழுதுகிறவரும் ஒரே ஆள் என்பதால் பிரச்சினையே வராது என்றுதான் யாரும் நினைப்போம். ஒரு மத்தியானம் பக்கத்து டீமில் இருந்த தம்பி வந்தான்.

"அக்கா, 3 ஜிபி குடுத்தா வருது. 4 ஜிபி குடுத்தா செத்துடுது."

"லாக்ல என்ன இருக்கு?"

"லாக்கே இல்லக்கா. சும்மா ரீஸ்டார்ட் ஆயிட்டே இருக்கு. ஜிடிபி போட்டு கெர்னலுக்குள்ள போலாமா?"

"இப்ப வேண்டாம். மொதல்ல ரீஸ்டார்ட்டை நிறுத்து."

ஜிடிபி மேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் 3 ஜிபியில் ஓடி 4 ஜிபியில் சாகிற கெர்னலுக்குள் போய்ப் பிரேக்பாயின்ட் வைத்துத் தேடுவது வீண் அலைச்சல். அதே கெர்னல் உலகம் பூராவும் 4 ஜிபியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சந்தேகப்படவேண்டியது அதற்கு நாம் கொடுத்த தகவலை.

ரீஸ்டார்ட் ஏன் ஆகிறது? கெர்னலுக்குள் ஒரு ஃபால்ட், அதைக் கையாளப் போகும்போது இன்னொரு ஃபால்ட், அதையும் கையாளமுடியாமல் மூன்றாவது. ட்ரிபிள் ஃபால்ட். நிஜ மெஷின் அந்த இடத்தில் ரீசெட் ஆகிவிடும். கேவிஎம் 'ஷட்டவுன்' என்ற காரணத்துடன் வெளியே வந்து நம்மிடம் சொல்லும். அந்தக் குட்டி மேலாளர் அதை ரீபூட் என்று எடுத்துக்கொண்டு மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தது. க்யூஎமுவிலும் இதே கதைதான். அங்கே 'நோ-ரீபூட்' என்று ஒரு விருப்பம் கொடுத்தால் நின்றுவிடும். நின்றால்தான் பிணத்தைப் பரிசோதிக்கமுடியும்.

அடுத்து, கெர்னல் கட்டளை வரியில் 'எர்லிபிரிண்ட்கே=சீரியல்'. சாதாரண கன்சோல் எழுந்திருக்க நேரமாகும். அதற்குள் கதை முடிந்துவிடுகிறது. இதைக் கொடுத்தால் சீரியல் போர்ட்டில் நேரடியாக எழுத ஆரம்பித்துவிடும். எழுதியது. 'பயாஸ் ப்ரொவைடட் ஃபிசிக்கல் ரேம் மேப்' என்ற தலைப்பின் கீழே, பயாஸே இல்லாத அந்த விஎம்மின் பட்டா வந்து விழுந்தது. 1 எம்பியிலிருந்து 4 ஜிபி வரை ஒரே துண்டு. யூசபிள்.

"இப்ப கேவிஎம்முக்கு எந்த எந்த ரேம் ரீஜனைக் குடுத்தோம்னு அச்சிடு" என்றேன். 0-விலிருந்து 3 ஜிபி வரை ஒரு ஸ்லாட். 4-லிருந்து 5 ஜிபி வரை இன்னொரு ஸ்லாட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தம்பியே சிரித்துவிட்டான்.

நடந்தது இதுதான். ஆதியில் அந்த மேலாளரில் பிசிஐ கிடையாது, பள்ளமும் கிடையாது. பிறகு யாரோ பிசிஐ சாதனங்களைச் சேர்த்தபோது 3 ஜிபிக்கு மேல் இடம் விட்டு ரேமைப் பிரித்திருக்கிறார். ரேமைப் பிரிக்கும் நிரல் ஒரு கோப்பில், இ820 நிரப்பும் நிரல் வேறொரு கோப்பில். இரண்டாவது கோப்பை யாரும் திறக்கவில்லை. சோதனைகள் எல்லாம் 512 எம்பியிலும் 2 ஜிபியிலும் ஓடியதால் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பட்டாவில் பிழை தெரிந்துவிட்டது. ஆனால் கெர்னல் சாகக் காரணம் அதுதானா என்று உறுதி செய்யவேண்டும் அல்லவா? ஸ்லாட் இல்லாத முகவரியைக் கெர்னல் தொட்டால் கேவிஎம் அதை எம்எம்ஐஓ என்று கருதி வெளியே கொண்டுவந்து கொடுக்கும்: இந்த முகவரியில் எழுதப் பார்க்கிறான், என்ன செய்ய? அந்த மேலாளர், தெரியாத முகவரி என்றால் எழுதுவதைக் காற்றில் விட்டது; படித்தால் எல்லாப் பிட்டும் 1 என்று திருப்பிக் கொடுத்தது. பிசியின் பழைய வழக்கம் அது, தப்பென்று சொல்லமாட்டேன். அங்கே ஒரு வரி லாக் சேர்த்தோம். கொட்டியது. 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே, எட்டு எட்டு பைட்டாக, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். 512 முறை எட்டு என்றால் 4096 பைட். ஒரு பக்கத்தை யாரோ சுத்தமாகத் துடைக்கிறார்கள். எந்தச் சாதன டிரைவரும் இப்படிச் செய்யாது. இது கெர்னல் தன் பக்க அட்டவணைக்கு இடம் தயார் செய்வது.

ஏன் உச்சியில் போய்? லினக்ஸின் ஆரம்பகால மெமரி ஒதுக்கீட்டாளர் மேலிருந்து கீழே இறங்கும் பழக்கம் உள்ளது. அதனால் தரையில் இல்லாமல் பட்டாவில் மட்டும் உள்ள நிலம் உச்சியில் இருந்தால் உடனே சாவு. இது ஒரு வரப்பிரசாதம் என்றே சொல்வேன். கீழிருந்து மேலே போகும் கெர்னலாக இருந்தால் நாள் கணக்கில் ஓடிவிட்டு, மெமரி நிரம்பும் நேரத்தில், சம்பந்தமே இல்லாத ஒரு ப்ராசஸில் வெடித்திருக்கும்.

இ820-ஐத் திருத்தினோம். விஎம் எழுந்தது, கொஞ்ச தூரம் ஓடி, இனிஷியல் ராம்டிஸ்க்கைப் பிரிக்கமுடியவில்லை, தொடக்கத்தில் தவறான அடையாளம் என்று சொல்லிவிட்டு, ரூட் ஃபைல் சிஸ்டம் கிடைக்கவில்லை என்ற பழைய ஒப்பாரியுடன் நின்றது. தம்பி முகம் வாடிவிட்டது. எனக்கு உற்சாகம். ஒரு பள்ளத்தை மறந்தவர்கள் அதை எல்லா இடத்திலும் மறந்திருப்பார்கள்.

ராம்டிஸ்க்கை ரேமின் உச்சியில் வைப்பது வழக்கம். அந்த நிரல் 'மொத்த ரேம் கழித்தல் ராம்டிஸ்க் அளவு' என்று கணக்குப் போட்டது. ஹோஸ்ட் பக்கத்தில் ரேம் என்பது 4 ஜிபி நீளமுள்ள ஒரே பஃபர். பஃபரின் கடைசியில் ராம்டிஸ்க்கை எழுதியாயிற்று. பள்ளத்தைத் தாண்டிய ஸ்லாட்டில் அது விஎம்முக்குள் 5 ஜிபிக்குச் சற்றுக் கீழே போய் விழும். ஆனால் கெர்னலிடம் சொன்ன முகவரி 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே. கெர்னல் போய்ப் பார்த்தது, எல்லாப் பிட்டும் 1. பஃபருக்குள் உள்ள தூரமும் விருந்தினரின் முகவரியும் ஒன்று என்ற எண்ணம் பள்ளம் இல்லாதவரை சரி. பள்ளம் வந்த நாளிலிருந்து தப்பு. நிரலில் இரண்டுக்கும் ஒரே இன்டீஜர் வகையைப் பயன்படுத்தியிருந்ததால் கம்பைலரும் வாய் திறக்கவில்லை. இரண்டையும் தனித்தனி வகைகளாக்கி, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஒரே ஒரு ஃபங்ஷன் என்று மாற்றியதும், இதே பிழை இருந்த இன்னும் சில இடங்களில் கம்பைலர் தானாகவே கத்த ஆரம்பித்தது.

ராம்டிஸ்க் இடம்பிடிக்கும் விஷயத்தில் க்யூஎமுகூட உஷார்தான். கெர்னலை நேரடியாக ஏற்றும்போது, கீழ் ரேமின் உச்சியில் ஏசிபிஐ அட்டவணைகளுக்கென்று 160 கேபி விட்டுவிட்டு அதற்குக் கீழேதான் ராம்டிஸ்க்கை வைக்கும். சீபயாஸ் பிறகு வந்து அந்த அட்டவணைகளை அங்கே எழுதப்போகிறது என்று அதற்குத் தெரியும். விடவில்லையென்றால் ராம்டிஸ்க்கின் வாலில் ஏசிபிஐ ஏறி உட்காரும்.

பட்டாவுக்கும் தரைக்கும் உள்ள பொருத்தமின்மைகளில் எல்லாமே ஒரே அளவு விஷம் இல்லை. தரையில் ரேம் இருந்து பட்டாவில் இல்லாவிட்டால் நஷ்டம் மெமரி மட்டும். 8 ஜிபி கொடுத்து 7 ஜிபி தெரியும். பட்டாவில் இருந்து தரையில் இல்லாவிட்டால் மேலே சொன்ன சாவு. மோசமானது மூன்றாவது: தரையில் ரேம் இருக்கிறது, பட்டாவிலும் ரேம் என்று இருக்கிறது, ஆனால் அங்கே ஏற்கெனவே யாரோ குடியிருக்கிறார்கள். 640 கேபிக்குக் கீழே அந்தக் கடைசி ஒரு கேபியை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ப்ராசஸர் என்று சொல்லும் எம்பி (மல்டிப்ராசஸர்) அட்டவணையை அங்கே எழுதிவிட்டு, 0-விலிருந்து 640 கேபி முழுவதும் ரேம் என்று பட்டா கொடுத்தால், கெர்னல் ஒரு நாள் அந்தப் பக்கத்தை எடுத்து வேறு எதற்கோ பயன்படுத்தும். பல வருடம் ஓடிய விஎம் ஒரு கெர்னல் மாற்றத்தில் திடீரென்று ஒற்றை ப்ராசஸருடன் எழும்.

இன்றைய லினக்ஸில் இது வெளியே தெரியாது. 2021-இல் வந்த 5.13-லிருந்து, பட்டா என்ன சொன்னாலும் முதல் 1 எம்பியைத் தொடுவதில்லை என்று கெர்னல் ஒதுங்கிக்கொண்டது. பயாஸ்கள் தூங்கி எழும்போதும் வேறு சமயங்களிலும் அந்தப் பகுதியில் கிறுக்கிவைப்பதைப் பல வருடம் பார்த்துச் சலித்துப்போய் எடுத்த முடிவு. நல்ல முடிவு. ஆனால் உங்கள் அட்டவணைப் பிழையை அது மூடி மறைத்துவிடும். பழைய கெர்னலிலோ வேறொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலோதான் மறுபடி தலைகாட்டும். அதேபோல் இரண்டு துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், லினக்ஸ் வகை எண் பெரியதையே எடுத்துக்கொண்டு அட்டவணையைச் சுத்தம் செய்துவிடும். ரேம் என்பது 1 ஆகையால் சந்தேகம் வந்தால் தொடாமல் விடுகிறது என்று அர்த்தம். வார இறுதியில் சொந்த கெர்னல் எழுதும் பிள்ளைகளின் நிரல் இதையெல்லாம் செய்யாது. லினக்ஸ் ஓடுகிறது என்பதை வைத்து அட்டவணை சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

யூஇஎஃப்ஐ பக்கம் போனால் பிழைகளின் நிறம் மாறும். அங்கே இன்டரப்ட் இல்லை. 'கெட் மெமரி மேப்' என்று கேட்டால் வரிசையாக விவரக்குறிப்புகள் வரும். ஒரு குறிப்பின் அமைப்பு 40 பைட். ஆனால் ஓவிஎம்எஃப் உட்பட இடிகே2-வில் இருந்து வரும் ஃபர்ம்வேர்கள் ஒவ்வொன்றையும் 48 பைட்டாகத் தரும். வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்! வருங்காலத்தில் அமைப்பு பெரிதாகலாம், ஆகவே குறிப்பின் அளவை நான் சொல்கிறேன், அதை வைத்துத் தாண்டு என்பது தரநிலையின் விதி. அதைப் படிக்காமல் அமைப்பின் அளவை வைத்தே தாண்டுகிறவர்கள் முதல் நாளே விழட்டும் என்று எட்டு பைட் கூட்டிவைத்திருக்கிறார்கள். விழுந்தால் முதல் குறிப்பு மட்டும் சரியாக இருக்கும். இரண்டாவதிலிருந்து நம்பமுடியாத முகவரிகள் வரும். அந்தக் காட்சியைக் கண்டால் வேறு எங்கும் தேடவேண்டாம். பிழை விழ வேண்டிய இடத்தில் உரக்க விழும்படி செய்த இந்தக் குறும்பை நான் வெகுவாக ரசிக்கிறேன்.

இன்னொரு பொறி, 'எக்ஸிட் பூட் சர்வீசஸ்'. மேப்பை வாங்கும்போது கூடவே ஒரு சாவி எண் வரும். வெளியேறும்போது அந்தச் சாவியைத் திருப்பிக் காட்டவேண்டும். நடுவில் மேப் மாறியிருந்தால் சாவி செல்லாது. நடுவில் நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை, மேப்பைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தீர்கள், அவ்வளவுதானே? அச்சிடும்போது ஃபர்ம்வேர் உள்ளே எங்காவது மெமரி ஒதுக்கியிருக்கலாம். டீபக் செய்யவென்று சேர்த்த வரியே பிழையைக் கொண்டுவரும் அழகான இடம் இது. மறுபடி மேப்பை வாங்கி, மறுபடி முயற்சி செய்யும்படி எழுதுவதுதான் வழி. லினக்ஸும் அப்படித்தான் செய்கிறது.

ரன்டைம் சர்வீசஸ் என்று குறிக்கப்பட்ட துண்டுகளைக் கெர்னல் ஆயுள் முழுக்கத் தொடக்கூடாது. பூட் சர்வீசஸ் என்று குறிக்கப்பட்டவற்றை வெளியேறிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏட்டில் உள்ளது. நடப்பில், சில ஃபர்ம்வேர்கள் வெளியேறிய பிறகும் தங்கள் பழைய இடத்தை எட்டிப் பார்க்கும். அதனால் லினக்ஸ் அவற்றை உடனே எடுக்காமல் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்து, முகவரி மாற்றச் சடங்குகள் முடிந்த பிறகுதான் விடுவிக்கிறது. பயாஸே இல்லாத யூஇஎஃப்ஐ மெஷினின் டிமெசேஜிலும் இ820 வரிகள் தெரிவதைக் கண்டு குழம்பவேண்டாம். பூட் நேரத்தில் யூஇஎஃப்ஐ மேப்பை லினக்ஸ் இ820 வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது.

கருவிகள் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. க்யூஎமு மானிட்டரில் 'இன்ஃபோ எம்ட்ரீ' என்று அடித்தால் தரை தெரியும்; எது ரேம், எது சாதனம், எது எதை மறைத்துக்கொண்டிருக்கிறது எல்லாம் வரும். விஎம்முக்குள் டிமெசேஜில் பட்டா. சிஸ்எஃப்எஸ்ஸில் ஃபர்ம்வேர் என்ற அடைவுக்குள் 'மெம்மேப்' இருக்கும். அது கெர்னல் கை வைப்பதற்கு முன்பிருந்த மூலப் பிரதி. ப்ராக் அடைவில் 'ஐஓமெம்' கோப்பில் கெர்னல் கடைசியில் யாருக்கு எதைக் கொடுத்தது என்று இருக்கும். அதை ரூட்டாகப் படியுங்கள், இல்லாவிட்டால் முகவரிகள் எல்லாம் பூஜ்யமாகத் தெரியும். சீபயாஸ், ஓவிஎம்எஃப் இரண்டும் ஹெக்ஸ் 402-ஆம் போர்ட்டில் தங்கள் டீபக் புலம்பல்களைக் கொட்டும்; டீபக் பில்டாக இருந்தால் ஓவிஎம்எஃப் கொட்டுவது ஏராளம். கெர்னல் கட்டளை வரியில் 'மெம்=3ஜி' கொடுத்து எழுகிறதா என்று பார்ப்பது மலிவான சோதனை. எழுந்தால் குற்றவாளி அதற்கு மேலே. 'மெம்மேப்' என்ற விருப்பத்தால் ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டும் ரிசர்வ்டு என்று அறிவித்துப் பாதி பாதியாகத் தேடலாம். அதில் டாலர் குறி வரும். க்ரப்பில் போடும்போது ஷெல் அதை விழுங்கிவிடும், கவனம். ஜிடிபி இதற்கெல்லாம் பிறகு. க்யூஎமுவைச் சின்ன எஸ், பெரிய எஸ் இரண்டு விருப்பங்களுடன் கிளப்பினால் முதல் கட்டளைக்கு முன்பே நின்று 1234-ஆம் போர்ட்டில் காத்திருக்கும்.

பள்ளம் 4 ஜிபியோடு முடிந்துபோன பழங்கதை என்று நினைத்தால், மேலே இன்னொன்று இருக்கிறது. ஏஎம்டி ப்ராசஸர்களில் 1 டிபிக்குச் சற்றுக் கீழே 12 ஜிபி அகலத்துக்கு ஹைப்பர்டிரான்ஸ்போர்ட்டுக்கென்று ஒதுக்கிய பகுதி ஒன்று உண்டு. ஐஓஎம்எம்யூ அந்த முகவரிகளுக்கு டிஎம்ஏ அனுமதிக்காது. விஎம்முக்கு 1 டிபிக்கு நெருக்கமாக ரேம் கொடுத்து, கூடவே நிஜப் பிசிஐ கார்டையும் உள்ளே ஒப்படைத்தால், ரேம் அந்தப் பகுதிக்குள் போய் விழும்; விஎஃப்ஐஓ மறுத்துவிடும். 2022-இல் வந்த க்யூஎமு 7.1 இதற்காக 4 ஜிபிக்கு மேலுள்ள ரேம் முழுவதையும் 1 டிபிக்கு அந்தப் பக்கம் தூக்கிவைக்கிறது. இருந்த விஎம்களுக்கு இதை அப்படியே செய்துவிடமுடியாது என்பது இன்னொரு தலைவலி. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை ஒரு ஹோஸ்ட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது இரண்டு பக்கமும் தரை ஒரே மாதிரி இருக்கவேண்டும். அதனால்தான் க்யூஎமு மெஷின் வகைகளுக்குப் பதிப்பு எண் கொடுத்து, புது அமைப்பைப் புதுப் பதிப்பில் மட்டும் கொண்டுவருகிறது. பழைய வரைபடம் பழைய எண்ணோடு அப்படியே உயிரோடிருக்கும்.

அந்தக் குட்டி மேலாளரைக் கடைசியில் எப்படிச் சரிசெய்தோம் என்றால், ரேம் துண்டுகளை விவரிக்கும் பட்டியலை ஒரே இடத்தில் வைத்தோம். கேவிஎம் ஸ்லாட், இ820, ராம்டிஸ்க் இடம், பிசிஐ சாளரம் எல்லாம் அதிலிருந்தே கணக்கிடப்படும். யாரும் சொந்தமாக 'மொத்த ரேம்' என்று கூட்டல் கழித்தல் போடக்கூடாது. தெரியாத முகவரியைத் தொட்டால் லாக்கில் ஒரு வரி, சோதனை பில்டில் உடனே நிறுத்தம்.

உங்களில் யாராவது இப்படி ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சோதனைப் பட்டியலில் பள்ளம் தொடங்கும் அளவு, அதற்கு ஒரு எம்பி குறைவு, ஒரு எம்பி அதிகம், பிறகு 4 ஜிபி, 5 ஜிபி என்ற அளவுகளையும் சேர்த்துவிடுங்கள். 512 எம்பியிலும் 2 ஜிபியிலும் மட்டும் ஓடும் சோதனைகள் இந்த வகைப் பிழையை ஒருபோதும் பிடிக்காது.